கிறிஸ்துமஸ் விடுமுறையில் நோயாளிகளுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 25 காலையில் பல பெரிய மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் கூட்டம் நிரம்பி வழியும். சிவப்புத் தொப்பி, பொம்மை மூட்டை, பாட நாலு பேர், ஃபோட்டோ எடுக்க ஒருவர். அதே கட்டிடத்தில் இரண்டு மாடி தள்ளி, பெரியவர்களுக்கான பொது வார்டை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். 27-ஆம் தேதி வந்துவிட்டால் குழந்தைகள் வார்டும் வெறிச்சோடிவிடும். கொடுக்க மனமுள்ளவர்கள் நிறையவே இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்துக்கு, ஒரே நாளில், ஒரே மாதிரிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த விடுமுறையைப் பிறருக்காகச் செலவிட நினைத்தால் முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள். பரிசைப் பெறுபவர் வேண்டாம் என்று சொல்லவும் இடம் விட்டு நீட்டுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதற்காகத்தான்.

அந்த வாரத்தில் மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது

தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளை ஜனவரிக்குத் தள்ளிவிடுவார்கள். ஓரளவு தேறியவர்களைப் பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட டாக்டர்கள் முடிந்தவரை பார்ப்பார்கள். ஆக, 24-ஆம் தேதி இரவில் படுக்கையில் மீந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகை. அனுப்ப முடியாத அளவுக்கு உடம்பு முடியாதவர்கள் ஒரு வகை. டிஸ்சார்ஜ் செய்தாலும் போக இடமோ, பார்த்துக்கொள்ள ஆளோ இல்லாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றி வெளியே யாரும் யோசிப்பதில்லை, ஆனால் வார்டு நர்ஸுக்கு அவர்கள் ஒவ்வொருவரையும் தெரியும்.

இன்னொரு பக்கம், ஊழியர்கள் குறைவாக இருப்பார்கள். கேன்டீன் சீக்கிரம் மூடும், சில இடங்களில் திறக்கவே திறக்காது. வழக்கமாக வரும் தன்னார்வலர்களும் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருப்பார்கள். திடீரென்று பத்துப் பேர் பரிசுகளோடு வாசலில் வந்து நின்றால், அவர்களைக் கவனிக்க ஒரு நர்ஸ் தன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். உதவ வந்தவர்கள் பாரமாக மாறுவது இப்படித்தான்.

முதல் படி: அக்டோபரில் ஒரு ஃபோன்

டிசம்பர் 20-ஆம் தேதி வாக்கில் அழைத்துக் கேட்டால் “இந்த வருஷம் இடமில்லை” என்ற பதில்தான் வரும். நோயாளிகளை நேரில் சந்திக்க வேண்டுமென்றால் அக்டோபரில், பிந்தினால் நவம்பர் தொடக்கத்திலாவது, தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளரைப் பிடியுங்கள். அப்படி ஒரு பதவி இல்லாத மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலகம், நர்ஸிங் கண்காணிப்பாளர், சமூகப் பணிப் பிரிவு ஆகிய மூன்றில் ஒன்று இந்த வேலையைப் பார்க்கும்.

இவ்வளவு முன்னதாக எதற்கு? படுக்கை அருகே போகிறவர்களிடம் பல மருத்துவமனைகள் தடுப்பூசிச் சான்று கேட்கும். இன்ஃப்ளுயன்ஸா, தட்டம்மை, சின்னம்மை ஆகியவை அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும். குழந்தைகள் வார்டு என்றால் காவல்துறைச் சரிபார்ப்பும் தேவைப்படலாம். பயிற்சி வகுப்பு ஒன்றும் இருக்கும். இதெல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். நேரம் தவறிவிட்டதென்றால் படுக்கை அருகே போகும் எண்ணத்தை இந்த வருஷம் விட்டுவிட்டு, பொருட்களைச் சேர்த்துக் கொண்டுபோய் ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள். அது எந்த வகையிலும் மட்டமானதில்லை. சொல்லப்போனால் பல வார்டுகளுக்கு அதுதான் வசதி.

ஃபோனில் “நாங்கள் பொம்மை கொடுக்கலாமா?” என்று கேட்காதீர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். “பண்டிகை சமயத்தில் உங்களிடம் எது எப்போதும் தீர்ந்துபோகிறது? எந்த வார்டுக்கு யாரும் வருவதில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். எதிர்முனையில் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். பிறகு வரும் பதில் நீங்கள் நினைத்ததற்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது உடுத்திக்கொள்ளத் துணி இல்லை என்பார்கள். டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) பிரிவுக்குப் போர்வை வேண்டும் என்பார்கள். அதோடு பரிசைச் சுற்றிக் கொடுக்கலாமா, எத்தனை பேர் வரலாம், வயது வரம்பு என்ன, ஃபோட்டோ எடுக்க அனுமதி உண்டா, யாரிடம் எந்த வாசலில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பரிசுகளைச் சுற்றாமல்தான் கேட்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊழியர்கள் பார்த்தாக வேண்டும். சுற்றும் தாளைத் தனியாகக் கொடுத்துவிடலாம்.

இரண்டாம் படி: யாருக்கு என்று முடிவு செய்வது

குழந்தைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே பலர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். பதின்ம வயதினருக்கு அந்த வரிசை சட்டென்று குறைந்துவிடும். குவிந்திருக்கும் பொம்மைகளில் பதினைந்து வயதுப் பையனுக்கு ஒன்றும் இருக்காது. காதில் மாட்டும் ஹெட்ஃபோன், படம் வரையும் தாள், சீட்டுக்கட்டு, நல்ல பேனா போன்றவை அந்த வயதுக்குச் சரி.

பெரியவர்களில் முதியோர் வார்டு, மனநலப் பிரிவு, டயாலிசிஸ், நீண்டகால மறுவாழ்வுப் பிரிவு ஆகிய இடங்களுக்குப் பண்டிகை போய்ச் சேருவது அபூர்வம். டயாலிசிஸ் என்பது வழக்கமாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் போல ஆகும் விஷயம். அதற்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. மனநலப் பிரிவுக்குக் கொடுப்பதாக இருந்தால் கட்டாயம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கயிறு, நாடா, கண்ணாடி, கூரான பொருள், சுருள்கம்பி போட்ட நோட்டுப் புத்தகம் எதையும் அங்கே அனுமதிக்க மாட்டார்கள்.

அப்புறம், நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள். நாற்காலியிலோ தரையிலோ தூங்கி, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் இருப்பவர்கள் இவர்கள். என் கணக்கில், ஒரு பரிசுதான் வாங்க முடியும் என்றால் அது இவர்களுக்குப் போக வேண்டும். இவர்கள் தெம்பாக இருந்தால்தான் நோயாளிக்கும் கவனிப்பு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1974-ல் தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பத்தினர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க இடம் தருகிறார்கள். இன்று பல நாடுகளில் இத்தகைய வீடுகள் உண்டு, வந்து சமைத்துக் கொடுக்கத் தன்னார்வலர்களையும் ஏற்கிறார்கள். உங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இதுபோல் தங்குமிடம் ஏதாவது இருக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

மூன்றாம் படி: என்ன வாங்குவது, எதைத் தொடவே கூடாது

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வெளியே சாதாரணமாக இருக்கும் பொருள் வார்டுக்குள் ஆபத்தாக மாறும்.

பூக்கள்: ஐ.சி.யூ., புற்றுநோய்ப் பிரிவு, உறுப்பு மாற்றுப் பிரிவு, தீக்காயப் பிரிவு எதிலும் பொதுவாக அனுமதியில்லை. பூச்சாடித் தண்ணீரில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா வளரும். தொட்டிச் செடியின் மண்ணில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு இரண்டும் உயிருக்கே உலை வைக்கலாம். ரப்பர் பலூனும் வேண்டாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள், வெடித்த துண்டு குழந்தையின் தொண்டையில் அடைக்கும். மெழுகுவத்தியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆக்சிஜன் ஓடும் இடம். வாசனைத் திரவியம், வாசனை லோஷன், வாசனை சோப்பு எல்லாம் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலையும் கீமோ எடுப்பவருக்குக் குமட்டலையும் வரவழைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். நீங்கள் நீட்டும் பழம் ஒருவருக்கு மருந்து போல, இன்னொருவருக்கு விஷம் போல. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்பழங்களில் இருக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கலாம். அவருக்குத் தண்ணீரின் அளவிலும் கட்டுப்பாடு உண்டு. கிரேப்ஃப்ரூட் சில கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மருந்துகளோடு சேராது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தால் சாதாரணத் தண்ணீர்கூட மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மறுநாள் அறுவை சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு காத்திருப்பவரிடம் இனிப்பை நீட்டுவது எவ்வளவு கொடுமை! ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வார்டு நர்ஸிடம் மூடிய பாக்கெட்டாகக் கொடுத்து, யாருக்கு என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? படுக்கையிலிருந்து சுவரில் உள்ள பிளக் பாயின்ட் வரை எட்டக்கூடிய நீளமான சார்ஜர் ஒயர். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தவருக்கு வீட்டோடு பேச இருக்கும் ஒரே வழி அந்த ஃபோன்தான். சுவரில் செருகும் அடாப்டரைச் சோதிக்காமல் சில மருத்துவமனைகள் அனுமதிப்பதில்லை, ஆகவே ஒயர் மட்டும் போதும். வழுக்காத அடிப்பகுதி உள்ள காலுறை, கண்ணை மூடும் துணிப்பட்டை, காதடைப்பான், பல் துலக்கும் தொகுப்பு, சீப்பு, வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம், உதட்டுக்குப் பூசும் பாம் ஆகியவற்றுக்கு எப்போதும் தேவை இருக்கும். ஆக்சிஜன் எடுப்பவர்களுக்கு பெட்ரோலியம் ஜெல்லி கலந்த பாம் ஆகாது, தண்ணீர் அடிப்படையிலானதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய எழுத்தில் அச்சான குறுக்கெழுத்துப் புத்தகம், நோட்டு, பேனா ஆகியவை நீண்ட பகலை ஓட்ட உதவும். டாக்டர் வரும்போது கேட்க நினைத்ததை எழுதி வைக்கவும் அந்த நோட்டு பயன்படும்.

எல்லாவற்றையும்விட, புதிய உள்ளாடையும் தளர்வான கால்சட்டையும் சட்டையும். விபத்தில் வந்தவரின் உடையை அவசரப் பிரிவில் வெட்டித்தான் எடுப்பார்கள். குணமாகி வீட்டுக்குப் போகும் நாளில் மருத்துவமனை உடையோடு தெருவில் இறங்க நேர்பவருக்கு ஒரு ஜோடித் துணி பெரிய விஷயம். பல அளவுகளில் வாங்குங்கள், பெரிய அளவுகள்தான் முதலில் தீரும்.

துணைக்கு இருப்பவர்களுக்குப் பொருளைவிட கேன்டீன் கூப்பன், வண்டி நிறுத்தக் கட்டணம், பேருந்து அட்டை உதவும். விடுமுறை நாளில் அந்தக் கேன்டீன் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்!

எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்ற கவலை பலருக்கும் உண்டு. 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு ஆய்வில், சிலரிடம் காலையில் 5 அல்லது 20 டாலரைக் கொடுத்து, மாலைக்குள் தனக்கோ பிறருக்கோ செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். கையில் இருந்தது ஐந்தா இருபதா என்பது எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. கொடுப்பவரின் மனசுக்கு ஐந்து போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு எவ்வளவு தேவை என்பதை ஒருங்கிணைப்பாளர் சொல்வார்.

நான்காம் படி: வாழ்த்து அட்டை

அட்டையில் பலரும் எழுதுவது “சீக்கிரம் குணமாகுங்கள்”. அதைப் படிப்பவர் இனி குணமாகப் போவதில்லை என்று தெரிந்தவராக இருக்கலாம். “உங்களை நினைத்துக்கொண்டேன்”, “இன்றைய நாள் கொஞ்சம் லேசாகப் போகட்டும்” என்பது போல எழுதினால் யார் கைக்குப் போனாலும் உறுத்தாது. நோயாளி எந்த மதத்தவர் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே பாதி அட்டைகளில் நட்சத்திரமும் மரமும் பறவையும் வரைந்து பொதுவாக வாழ்த்துங்கள். மீதியைக் கிறிஸ்துமஸ் அட்டையாகவே வைத்துக்கொள்ளலாம். யாருக்கு எது என்று நர்ஸ் பிரித்துக் கொடுப்பார்.

உங்கள் முழுப்பெயர், முகவரி, ஃபோன் எண் வேண்டாம், முதல் பெயர் போதும். பதில் எழுதும்படி கேட்காதீர்கள். மினுமினுப்புத் தூள் ஒட்டாதீர்கள், அது படுக்கையிலும் கட்டுகளிலும் உதிரும். வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் சிறுவர்களைப் பல வார்டுகளுக்குள் விட மாட்டார்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். கோணல் எழுத்தில் வரும் வாழ்த்துதான் சுவரில் ஒட்டப்படும்.

ஐந்தாம் படி: கிளம்பும் முன்

லேசான சளிதானே என்று போகாதீர்கள். காய்ச்சல், இருமல், தொண்டைவலி இருந்தால் வீட்டில் இருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் அது நின்று 48 மணி நேரமாவது ஆக வேண்டும். குளிர்காலத்தில் பரவும் நோரோவைரஸ் ஒரு வார்டையே மூடவைக்கும்.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்ளுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உள்ளே போகும்போது ஒரு தடவை, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. வயிற்றுப்போக்கு உள்ளவர் அறையென்றால் சோப்புதான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளைச் சானிடைசர் கொல்லாது.

ஆறாம் படி: படுக்கை அருகில்

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என்ன பேசுவது? முன்பின் தெரியாத ஒருவர், உடம்பு முடியாதவர், பண்டிகை நாள்.

முதலில் நர்ஸிடம் யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். தூங்குபவரை எழுப்பாதீர்கள், பரிசை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நகருங்கள். திரை இழுத்திருந்தால் உள்ளே போகக் கூடாது. கதவருகிலேயே நின்று பெயரைச் சொல்லி, “கொஞ்ச நேரம் பேசலாமா, இல்லை ஓய்வெடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்வது அவருக்குச் சுலபம். நாள் முழுக்க ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை என எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாமல் கிடப்பவர் அவர். உங்களிடம் முடியாது என்று சொல்ல முடிந்ததே அவருக்கு அன்றைக்குக் கிடைத்த சின்ன சுதந்திரமாக இருக்கலாம். முகம் சுளிக்காமல் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். படுக்கையில் உட்காராதீர்கள். நின்றுகொண்டு பேசினால் எந்த நேரத்திலும் ஓடிவிடப் போகிறவர் போலத் தெரியும், அவரும் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருக்கும். பத்து நிமிஷம் போதும். அவராகவே இழுத்துக்கொண்டு போனால் இன்னும் கொஞ்சம் இருங்கள்.

என்ன நோய் என்று கேட்காதீர்கள். எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்றும் கேட்காதீர்கள், அதற்குப் பதில் அவரிடம் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் புத்தகம், ஜன்னலுக்கு வெளியே தெரிவது, டி.வி.யில் ஓடும் ஆட்டம், சின்ன வயதில் டிசம்பர் எப்படி இருக்கும் என்பது போன்றவை பேச்சைத் தொடங்கிவைக்கும். அவர் அழுதால் உடனே ஆறுதல் சொல்லி நிறுத்தப் பார்க்காதீர்கள். “எல்லாம் சரியாகிவிடும்” என்பதைவிட “கஷ்டமாகத்தான் இருக்கும்” என்பது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் மாமாவுக்கும் இதே நோய் வந்தது, ஒரு கஷாயத்தில் போனது என்ற கதை வேண்டவே வேண்டாம். கேட்காமல் ஜெபம் செய்யத் தொடங்குவதும் வேண்டாம். அவர் கேட்டால் வேறு விஷயம்.

தண்ணீர் கேட்டாலும், எழுந்து உட்கார உதவி கேட்டாலும், படுக்கையை உயர்த்தச் சொன்னாலும் நர்ஸை அழையுங்கள். மறதி நோய் உள்ள முதியவர் உங்களைத் தன் மகள் என்று நினைத்தால் திருத்தாதீர்கள், நடிக்கவும் செய்யாதீர்கள். அந்த மகளைப் பற்றிக் கேளுங்கள், அவரே சொல்வார்.

யாருமே வராத, கடைசி நாட்களில் இருக்கும் நோயாளிகளுக்காக 2001-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் நகர மருத்துவமனை ஒன்றில் ஒரு நர்ஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ‘நோ ஒன் டைஸ் அலோன்’ என்ற அதில் தன்னார்வலர்கள் முறை வைத்து மாறி மாறிப் பக்கத்தில் இருப்பார்கள். பிறகு அது வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை இது, விடுமுறை உற்சாகத்தில் குதிக்க வேண்டியதில்லை. ஆனால் பண்டிகை இரவுகளில் இந்த முறைப் பட்டியலில் ஆள் கிடைப்பது கடினம், ஆகவே மனசு ஒப்பினால் முன்கூட்டியே பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள்.

ஃபோட்டோ வேண்டாம். அனுமதி கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பரிசு கொடுத்தவர் கேட்கும்போது மறுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

பாட்டுக் குழுவாகப் போகிறவர்களுக்கு: ஒலிபெருக்கி இல்லாமல், நடைபாதையில் நின்று, வார்டுக்கு இரண்டு பாட்டு. எந்த வார்டில் பாடலாம், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்பதைப் பணியில் இருக்கும் தலைமை நர்ஸ்தான் சொல்ல வேண்டும். சற்றுமுன் ஒரு மரணம் நடந்த வார்டில் போய்ப் பாட்டைத் தொடங்கிவிடக் கூடாது.

குழந்தைகள் வார்டுக்குப் போவதானால்

பொம்மை புதியதாக, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடியதாக இருக்கட்டும். பஞ்சு பொம்மையைப் பல வார்டுகள் ஏற்பதில்லை, ஏற்றாலும் பிரிக்காத உறையோடு கேட்பார்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிறு பாகங்கள் கூடாது. பொத்தான் பேட்டரி போடும் பொம்மையை எந்த வயதுக்கும் வாங்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சின்னச் சின்னக் காந்தங்களும் அப்படியே, இரண்டு காந்தங்கள் குடலில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குழந்தைகளில் பலர் அந்தத் தாடியைப் பார்த்து அலறுவார்கள். அந்த உடையைத் துவைக்காமல் வார்டு வார்டாகக் கொண்டுபோவது நல்லதும் இல்லை. வேஷம் போட்டே ஆக வேண்டுமென்றால் கதவருகில் நின்று கையசையுங்கள், குழந்தை கூப்பிட்டால் மட்டும் பக்கத்தில் போங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. சில மருத்துவமனைகளில் நன்கொடைப் பொம்மைகளை ஒரு அறையில் அடுக்கிவைத்துப் பெற்றோரை அழைப்பார்கள். அவர்கள் கடையில் போலத் தேர்ந்தெடுத்து, சுற்றி, தாங்களே பிள்ளைக்குக் கொடுப்பார்கள். யார் கொடுத்தது என்று குழந்தைக்குத் தெரியாது, அம்மா அப்பா கொடுத்ததாகவே இருக்கும். நோயாளிக் குழந்தையின் அண்ணன் தங்கைக்கும் அந்த அறையில் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. பல மாதமாக வீட்டில் எல்லாக் கவனமும் ஒருவர் பக்கமே போயிருக்கும்.

ஏழாம் படி: வேலையில் இருப்பவர்கள்

ஊழியர்களுக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஷிப்ட். காலையில் ஒரு பெரிய பெட்டித் தின்பண்டம் கொடுத்தால் பகல் ஷிப்டிலேயே காலியாகிவிடும், இரவு வருபவர்களுக்கு வெறும் பெட்டிதான். மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் எந்த ஷிப்டுக்கு என்று எழுதிக் கொடுங்கள். அல்லது 24, 25 இரவுகளுக்கு மட்டும் கொடுங்கள். பணமும் விலையுயர்ந்த பரிசும் வாங்கப் பல மருத்துவமனைகளில் விதி இடம் கொடுக்காது.

நர்ஸ், டாக்டரோடு நிறுத்தாதீர்கள். துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி, ஆய்வகத்தில் இருப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், சமையலறைக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும் அன்றைக்கு வேலையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும் பக்கம் பெட்டி போய்ச் சேராது.

எட்டாம் படி: மருத்துவமனைக்கு வெளியே

தெருவில் வசிப்பவர்களுக்கு என்றால் காலுறை. பழைய உடைகள் வந்து குவியும், காலுறையை யாரும் கொடுப்பதில்லை, ஈரக்காலோடு நடப்பவருக்கோ அது மிக வேகமாகத் தேய்ந்துபோகும். பெண்களுக்கு சானிட்டரி நாப்கின். உணவு என்றால் மென்மையானதாக இருக்கட்டும், பல் மருத்துவரைப் பார்க்க வழியில்லாதவர்களுக்குக் கடினமானதைக் கடிக்க முடியாது. ஒரே மாதிரி பையை வரிசையாக நீட்டுவதைவிட, “இதில் எது வேண்டும்?” என்று திறந்து காட்டுவது மேல். பணமாகக் கொடுக்கலாமா? தாராளமாக. என்ன வாங்கினார் என்று பின்தொடர்ந்து பார்க்காத வரைக்கும் பணம் மரியாதையான பரிசுதான். இருவராகப் போங்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், தூங்குபவரைத் தொட்டு எழுப்பாதீர்கள்.

தனியாக இருக்கும் முதியவரையோ, படிக்கவோ வேலைக்கோ வந்து ஊர் போக முடியாதவரையோ வீட்டுக்கு அழைப்பதென்றால், இரக்கத்தில் அழைப்பது போல இருக்கக் கூடாது. “அன்றைக்கு மேஜை அடுக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும்” என்று வேலை கொடுத்து அழைத்தால் வருபவருக்குச் சங்கடம் குறையும். எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, திரும்ப யார் கொண்டுபோய் விடுவார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். விடுமுறை நாளில் பேருந்து சீக்கிரம் நின்றுவிடும் என்ற கவலையிலேயே மறுப்பவர்கள் உண்டு.

ஒருவரின் மருந்துச் செலவையோ மருத்துவக் கட்டணத்தையோ ஏற்க நினைப்பவர்கள் நேராக நோயாளியிடம் போகாமல், மருத்துவ சமூகப் பணியாளர் வழியாகப் பெயர் சொல்லாமல் கட்டுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான நிக்கோலஸ், இன்றைய துருக்கியில் உள்ள மைரா ஊரில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர். வறுமையில் இருந்த மூன்று சகோதரிகளின் வீட்டுக்குள் இரவில் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை வீசிவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய கதை. வாசல் வழியாக அவர் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். உதவி பெற்றவர் நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்தில் நிற்காமல் இருப்பதற்குத்தான் சமூகப் பணியாளர் வழி.

ஒன்பதாம் படி: ரத்தம்

பணமும் நேரமும் குறைவென்றால் இதை முதல் படியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தின் சிவப்பணுக்களைக் குளிரூட்டி 42 நாள் வரை வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ (பிளேட்லெட்) 5 முதல் 7 நாள் வரைதான் தாங்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் கல்லூரிகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும், முகாம்கள் நடக்காது, கொடுப்பவர்கள் பயணத்தில் இருப்பார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்குத் தட்டணுக்கள் அப்போதும் வேண்டும். இந்தக் குளிர்காலத் தட்டுப்பாட்டைக் கருதித்தான் அமெரிக்காவில் 1970 முதல் ஜனவரியை ரத்த தான மாதமாக அனுசரிக்கிறார்கள்.

வயது, எடை, ஹீமோகுளோபின் அளவு, இரண்டு தானங்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ரத்த வங்கிக்கு ஃபோன் செய்து, 26-க்கும் ஜனவரி 2-க்கும் இடையில் எந்த நாளில் ஆள் குறைவு என்று கேட்டு, அந்த நாளுக்கு நேரம் வாங்குங்கள். சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். தட்டணு தானத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குத் தகுந்தபடி வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

26-ஆம் தேதிக்குப் பிறகு

கொண்டுபோன பொருட்களை எல்லாம் 25-ஆம் தேதியே கொடுத்துத் தீர்க்காதீர்கள். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மூன்றில் ஒரு பங்கை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். 28-ஆம் தேதி சேரும் நோயாளிக்கு அது கிடைக்கும். ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபையினருக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 என்பதால், அந்தத் தேதியை மனதில் வைத்தும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

நேரில் பேசிய ஒரு நோயாளிக்கு “மறுபடியும் வருகிறேன்” என்று சொல்லியிருந்தால், வர முடியாதபோது வார்டுக்கு ஃபோன் செய்து அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். வருவது நிச்சயமில்லை என்றால் முதலிலேயே சொல்லாமல் இருங்கள். ஜனவரி நடுவில் ஒருங்கிணைப்பாளரை ஒரு தடவை அழைத்து, எது மிஞ்சியது, எது போதவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கோ கோடை விடுமுறைக்கோ ஆள் தேவையா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். அந்த மாதங்களில் பட்டியல் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.